பைபாஸ் வந்த பிறகு: துருப்பிடித்த பழைய கார்களையும் கைவிடப்பட்ட சாலையோரக் கட்டடங்களையும் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

நான்கு வழிச் சாலையிலேயே போய்க்கொண்டிருந்தால் இவை எதுவும் கண்ணில் படாது. ஊர் வருவதற்குச் சற்று முன்னால் பிரிகிற பழைய சாலையில் இறங்க வேண்டும். இருபுறமும் புளியமரங்கள், அடிமரத்தில் வெள்ளைப் பட்டையும் எண்ணும். கொஞ்ச தூரத்தில் பலகைக் கதவு சாத்திய ஒரு மெஸ். அதைத் தாண்டினால் பம்ப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்ட ஒரு பெட்ரோல் பங்க். அதன் பின்னால், சீமைக்கருவேலப் புதருக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஓர் அம்பாசிடர்.

15 வருடமாக இப்படிப்பட்ட இடங்களைப் படமெடுத்து வருகிறேன். ஆரம்பத்தில் துருவின் நிறத்துக்காகவே எடுத்தேன். நூற்றுக்கணக்கில் படங்கள் சேர்ந்தன. எல்லாம் ஆரஞ்சு, எல்லாம் பழுப்பு, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் இல்லை. பிறகு ஒரு பழக்கம் வந்தது. கேமராவை வெளியே எடுக்கும் முன்னால், ‘இது ஏன் இங்கே நின்றுபோனது?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. பதில் தெரிந்த பிறகு எங்கே நிற்பது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் குழப்பம் குறைந்துவிட்டது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகும்.

1. இடம் தேடுவது

செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து ஏதாவது ஒரு நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு போங்கள். புதிய சாலை ஊரைத் தொடாமல் நேராக ஓடும். பழைய சாலை வளைந்து ஊருக்குள் போய் மறுபடியும் வந்து சேரும். பிரிகிற இடத்துக்கும் சேர்கிற இடத்துக்கும் நடுவே உள்ள அந்தத் துண்டுதான் நம் நிலம். கணினியில் கூகுள் எர்த் வைத்திருந்தால் அதில் பழைய ஆண்டுப் படங்களையும் பார்க்கலாம். ஒரு வருடப் படத்தில் வாசல் நிறைய லாரி நிற்கும், சில வருடம் கழித்து அதே கூரையில் ஓட்டை தெரியும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் கட்டடத்தைக் காட்டும், காரைக் காட்டாது. கார் வேண்டுமென்றால் டீக்கடை, டிங்கர் பட்டறை, அப்புறம் காயலாங்கடை. மூன்றில் கடைசிதான் கைகண்டது. எந்த ஊரில் எந்த வீட்டுக் கொட்டகையில் எந்த வண்டி கிடக்கிறது என்பது காயலாங்கடைக்காரருக்கு அத்துப்படி, ஏனென்றால் அவர் ஏற்கெனவே நாலு தடவை போய் விலை கேட்டிருப்பார். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டைக்கும் ஒருமுறை போய் வரலாம். அங்கே கார் முழுசாகக் கிடப்பதைவிடக் கதவும் பானெட்டும் தனித்தனியாக அடுக்கப்பட்டிருப்பதே அதிகம். அது வேறு வகைப் படம். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். காவல் நிலைய வளாகத்தில் குவிந்திருக்கும் வண்டிகளை விட்டுவிடுங்கள். அவை வழக்கில் சிக்கிய சொத்துகள்.

இதில் கொஞ்சம் அவசரமும் உண்டு. 15 வருடம் கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கக் கூடாது என்று மத்திய அரசு விதித்தது. தாலுகா அலுவலகங்களின் பின்புறம் வரிசையாக நின்ற ஜீப்புகளும் அம்பாசிடர்களும் உடைப்புக்குப் போகின்றன. பார்த்து வைத்திருக்கிற வண்டியை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

2. கேட்டுவிட்டு உள்ளே போவது

துருப்பிடித்த காருக்கு உரிமையாளர் உண்டு. பெரும்பாலும் அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகம் இன்னும் அந்த வீட்டு பீரோவில் இருக்கும். பூட்டிய கட்டடத்துக்கு ஒரு உரிமையாளர் அல்ல, நாலைந்து பங்காளிகள் இருப்பார்கள், கோர்ட்டில் ஒரு வழக்கும் இருக்கும். கேமராவோடு ஓர் அந்நியர் வந்து நின்றால் நிலத் தரகரோ, எதிர்த்தரப்பு அனுப்பிய ஆளோ என்றுதான் முதலில் தோன்றும். இந்தப் பயம் நியாயமானது. அத்துமீறி நுழைவது சட்டப்படியும் குற்றம்தான், இப்போது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவின் கீழ் வருகிறது.

அதனால் பேச்சைப் படத்திலிருந்து ஆரம்பிக்காமல் வண்டியிலிருந்து ஆரம்பியுங்கள். “ஐயா, இது மார்க் டூ-வா? யார் ஓட்டின வண்டி?” என்று (மார்க் டூ என்பது அம்பாசிடரில் ஒரு பழைய மாடல்) கேட்டால் போதும், பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார். நான் முன்பு எடுத்த படங்களில் பத்தைத் தபால் அட்டை அளவில் பிரிண்ட் போட்டுப் பையில் வைத்திருக்கிறேன். கையில் கொடுத்துக் காட்டினால் நான் யார், என்ன செய்கிறேன் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செல்போனில் காட்டுவதைவிடக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

ஒரு வீட்டில் வெளிர்நீல ஃபியட் ஒன்று வாசலைப் பார்த்தபடி நின்றது. வெளியிலிருந்து ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி எடுத்தேன், எதுவும் அமையவில்லை. வீட்டம்மா காபி கொடுத்தபடி சொன்னார்: மறுநாள் அதிகாலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவருடைய கணவர் முதல்நாள் சாயங்காலமே வண்டியைத் திருப்பி வாசலைப் பார்க்க நிறுத்தி வைத்தாராம். இரவே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அதன் பிறகு அந்த வண்டியை யாரும் நகர்த்தவில்லை. நான் வீட்டுக்குள்ளே போய், நிலைப்படிக்கு உள்ளிருந்து, காரின் முதுகும் அதற்கு அப்பால் மூடிய கேட்டும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்தேன். அந்த நாளில் தேறியது அது ஒன்றுதான்.

3. வண்டியை அடையாளம் காண்பது

நம் சாலையோரங்களில் கிடப்பவை பெரும்பாலும் மூன்று வகை. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர். ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினி. ஊரில் எல்லோருக்கும் அது ஃபியட்தான். மூன்றாவது, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு கிடைத்தால் விடாதீர்கள். அதன் பானெட்டும் இரண்டு மட்காடுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். திறந்தபடியே துருப்பிடித்து நின்றுவிட்ட ஹெரால்டு, வாயைப் பிளந்த முதலை மாதிரி இருக்கும்.

எண் பலகையைப் படியுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலக எண் இல்லாமல் மூன்று எழுத்தும் அதன்பின் எண்ணும் மட்டும் இருந்தால், புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1989-க்கு முந்தைய பதிவு. பத்மினியிலும் பழைய அம்பாசிடரிலும் கியர் தண்டு ஸ்டியரிங் கழுத்தோடு ஒட்டி இருக்கும், முன்சீட் பெஞ்ச் மாதிரி ஒரே நீளமாக இருக்கும். மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்த முன்சீட் அது. உள்பக்கப் படத்தில் இவை இரண்டும் தெரிந்தால் காலம் தெரிந்துவிடும்.

துருவையும் படிக்கலாம். தண்ணீர் எங்கே தேங்கியதோ அங்கேதான் இரும்பு முதலில் போகும்: கதவுக்குக் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, முன்கண்ணாடி ரப்பருக்கு அடியில், டிக்கித் தரை. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் பெயிண்ட் கொப்பளித்து உரிகிறது. கான்கிரீட் தூணில் உள்ளே கம்பி துருப்பிடித்தாலும் இதேதான் நடக்கிறது, கான்கிரீட் பிளந்து விழுகிறது. காரின் கதவும் பின்னால் இருக்கிற கட்டடத்தின் தூணும் ஒரே விதமாக வெடித்திருப்பதை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர முடிந்தால், அதற்காக அரை மணி நேரம் செலவழிக்கலாம்.

4. பருவமும் வெயிலும்

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு போனால் கொடி காரை மூடியிருக்கும், துரு ஈரத்தில் கருத்துச் சிவந்திருக்கும், பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே நல்ல நிற வேறுபாடு கிடைக்கும். சித்திரையில் அதே கொடி காய்ந்து உதிர்ந்து காரின் முழு உருவமும் வெளியே தெரியும். என்னைக் கேட்டால் தை, மாசி. காலைப் பனியில் பின்னணி மங்கிவிடும், புதரில் பாம்பு இருந்தால் பார்க்கிற அளவுக்கு இடைவெளியும் இருக்கும்.

மேகமூட்டமான நாளை வீணென்று நினைக்க வேண்டாம். துருவின் நிற வேறுபாடுகள் மூடிய வானத்தின் கீழ்தான் நன்றாகத் தெரியும். வெயில் வேண்டியது கட்டடத்துக்கு. சுவரில் மங்கிப்போன எழுத்தும் விரிசலும் தெரிய, வெளிச்சம் சுவரைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போக வேண்டும். இதில் திசை முக்கியம். வடக்கு பார்த்த சுவருக்கு மார்கழியில் வெயிலே படாது. மே முதல் ஜூலை வரை காலையிலும் மாலையிலும் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும்போதுதான் அந்தச் சுவரில் உரசல் வெளிச்சம் கிடைக்கும். முதல் தடவை போகும்போது செல்போன் திசைகாட்டியில் சுவரின் திசையைக் குறித்துக்கொண்டு, சரியான மாதத்தில் திரும்பி வாருங்கள்.

5. பையில் என்ன வேண்டும்

பெரிய பட்டியல் தேவையில்லை. ஒரு கேமரா அல்லது நல்ல செல்போன், முக்காலி, 35 மி.மீ.-க்கும் 85 மி.மீ.-க்கும் இடைப்பட்ட ஒரு லென்ஸ், போலரைசர் ஃபில்டர், டார்ச், துடைக்கத் துணி. போலரைசரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது கண்ணாடியிலும் பெயிண்டிலும் ஈர இலையிலும் உள்ள பளபளப்பைக் குறைக்கும், நிறம் ஆழமாகும். பம்பரின் குரோமிலும் பெயிண்ட் போன வெற்று உலோகத்திலும் அது வேலை செய்யாது. முன்கண்ணாடி வழியாக உள்ளே எடுக்க வேண்டுமானால் நேராக நிற்காமல், கண்ணாடிப் பரப்புக்குச் சுமார் 35 டிகிரி சாய்வில் நின்று ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள். பிரதிபலிப்பு காணாமல் போகும்.

6. உடம்பு முக்கியம்

கணுக்காலை மூடும் பூட்ஸ், முழு பேண்ட். செருப்போடு வருகிறவரை நான் கூட அழைத்துப் போவதில்லை. சீமைக்கருவேல முள் ரப்பர் அடியைத் துளைத்துவிடும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்று கிளம்பும் முன்னரே பாருங்கள். புதருக்குள் போகும் முன் கம்பால் தரையைத் தட்டுங்கள், பானெட்டுக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடாதீர்கள். கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன், நல்ல பாம்பு நான்குமே இத்தகைய இடங்களில் உண்டு. கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். ஓடாமல், கடிபட்ட காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கதவின் உள்விளிம்பில் குளவிக்கூடு இருக்கும். அதனால் கதவைத் திறக்கிற வேலையை உரிமையாளரிடமே விடுங்கள்.

கட்டடத்தில் ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது. பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் மர உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டிருப்பார்கள். உத்தரத்தைக் கரையான் தின்ற பிறகும் கூரை கொஞ்ச நாள் அப்படியே நிற்கும். மாடிக்கு ஏறாதீர்கள். உள்ளேயும் சுவர் ஓரமாகவே நடங்கள். தனியாகப் போக வேண்டாம், போகிற இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

7. காரை எடுப்பது

முதல் படம் சாலையிலிருந்து. வழிப்போக்கர் பார்க்கிற தூரத்தில், காரோடு மரம், கொட்டகை, வீடு எல்லாம் வரட்டும். கார் எங்கே நிற்கிறது என்பதை இந்தப் படம் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டு நேரே ஹெட்லைட்டுக்குப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

அடுத்து முன்பக்க மூலையிலிருந்து, ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து. அம்பாசிடர், ஃபியட் இரண்டுமே உருண்ட உடம்பு. அகன்ற லென்ஸில் கிட்டப் போனால் மூக்கு வீங்கி, பின்பக்கம் சூம்பிப்போகும். பின்னால் நகர்ந்து 50 அல்லது 85-இல் எடுங்கள். செல்போனென்றால் இரண்டு மடங்கு லென்ஸைத் தொட்டுவிட்டு நாலு அடி பின்னால் போங்கள். அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எஃப் 8, முக்காலியில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. குரோம் எங்காவது வெயிலில் மின்னினால் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்துவிடுங்கள். கருத்த இடத்தைப் பிறகு தூக்கிவிடலாம், வெளுத்துப்போன குரோமை மீட்க முடியாது.

நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் வைக்காதீர்கள். சட்டகம் முழுக்க ஆரஞ்சாக இருந்தால் கேமரா அதைத் தவறென்று நினைத்து நீலத்தைக் கலந்துவிடும், துரு சாம்பல் பூத்த மாதிரி வரும். 5200 அல்லது 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். ரா ஃபைலாகவே (கேமரா தானே திருத்திச் சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள்.

பிறகு உள்ளிருந்து வெளியே. பின்சீட் பக்கமிருந்து ஸ்டியரிங்கும் முன்கண்ணாடியும் அதற்கப்பால் உள்ள உலகமும் தெரிகிற மாதிரி. இத்தனை வருடமாக அந்த வண்டிக்கு முன்னால் இருந்த காட்சி இதுதான். ஒரு வண்டிக்கு வேப்பமரம், இன்னொன்றுக்குப் புதிதாக எழுந்த மாடிவீட்டின் சுவர். உள்ளே இருட்டு, வெளியே வெயில் என்பதால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்துப் பிறகு சேர்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக நுணுக்கங்கள். கிளட்ச் பெடல் ரப்பர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், எப்போதோ ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டின் தடம், கதவுப் பையில் மடித்த காகிதம். இவற்றில்தான் மனிதர் இருக்கிறார். எதையும் நகர்த்தி வைத்து அழகுபடுத்தாதீர்கள். ஒரு பொம்மையைக் கொண்டுவந்து சீட்டில் வைத்து எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குக் கோபம் வரும். அந்தப் படம் அந்த வண்டியைப் பற்றிப் பொய் சொல்கிறது.

8. கட்டடத்தை எடுப்பது

முகப்பை எடுக்கும்போது கேமராவை அண்ணாந்து பிடிக்காதீர்கள், சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். கேமரா மட்டமாக இருக்கட்டும், சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் நில்லுங்கள், கீழே அதிகமாக வரும் தரையை வெட்டிக்கொள்ளலாம். சாலையின் ஒரு கீற்று படத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சாலைக்காகப் பிறந்த கட்டடம் அது.

பெயர்ப்பலகையும் சுவர் விளம்பரமும் கிடைத்தால் அவற்றை நேருக்கு நேர், முழுதாக ஒருமுறை பதிவு செய்யுங்கள். கையால் எழுதிய அந்த எழுத்துகளுக்கு வேறு பிரதி கிடையாது. அடுக்கடுக்காகப் பூசிய பெயிண்ட் உரிந்து பழைய பெயர் தெரியும் இடங்களைத் தேடுங்கள். பங்க்கின் நெற்றியில் எஸ்ஸோ என்றோ பர்மா ஷெல் என்றோ எழுத்துகள் தட்டுப்பட்டால், அவை முறையே 1974, 1976-இல் அரசுடைமையான நிறுவனங்கள் என்பதால் கட்டடம் அதற்கும் முந்தையது என்று தெரிந்துவிடும். உடைந்து கிடக்கும் மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறித்தவ மிஷன்) என்று இருந்தால், அவர்களுடைய மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய 1865-க்குப் பிந்தைய ஓடு அது. படம் எடுத்துவிட்டு ஓட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இங்கேயும் அதே கேள்விதான். மெஸ் ஏன் நின்றது? பைபாஸ் வந்ததால் என்றால், முகப்பை மட்டும் எடுத்தால் போதாது. கல்லா மேசை இருந்த இடத்திலிருந்து வெறும் சாலையைப் பாருங்கள். தூரத்தில் மேம்பாலத்தில் லாரிகள் போவது தெரிந்தால் அதற்காகக் காத்திருங்கள்.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அரிச்சல்முனைக்குப் போகும் சாலையோரத்தில் தேவாலயமும் ரயில் நிலையமும் இடிந்து நிற்கின்றன. அவற்றை யாரும் கைவிடவில்லை, 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயலும் கடலும் கொண்டுபோயின. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் ஆட்களோடு போனது. அங்கே இன்றும் மீனவர்கள் குடியிருக்கிறார்கள். சுவரில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம் அல்ல. விடிந்ததும் போனால் கூட்டம் இருக்காது, தாழ்ந்த வெயிலில் சுவர்களின் பவளப்பாறைக் கற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். உப்புக்காற்று லென்ஸில் படியும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள்.

9. நிலா வெளிச்சத்தில்

இரவுப் படத்துக்குப் பகலிலேயே போய் இடத்தைப் பழகி வைத்திருக்க வேண்டும், உரிமையாளரும் கூட இருக்க வேண்டும். பௌர்ணமியில் ஐஎஸ்ஓ 400, எஃப் 4, 30 வினாடியிலிருந்து ஆரம்பித்துக் கூட்டிக் குறையுங்கள். டார்ச்சைக் கேமரா பக்கத்திலிருந்து அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் நடந்துபோய், தரையோடு தாழ்த்தி, இரண்டு மூன்று வினாடி தடவிவிட்டால் போதும். காருக்குள்ளே ஒரு மங்கிய மஞ்சள் விளக்கு வைக்கும் உத்தி இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது. நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடம்தான் நீல வெளிச்சம் இருக்கும். முக்காலியை அதற்கு முன்பே ஊன்றி வைத்துவிடுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

படம் திருத்தும் செயலியில் நிறத்தை ஏற்றும் ஸ்லைடரை முதலில் தொடாதீர்கள். ஆரஞ்சு ஏற ஏறத் துருவின் அடுக்குகள் ஒன்றாகிவிடும். வெளிச்சம் பட்ட இடத்தையும் நிழலையும் சரிசெய்துவிட்டு, அப்போதும் மங்கலாக இருந்தால் மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஆரஞ்சு, சிவப்பின் பிரகாசத்தைக் கூட்டி நீலத்தைக் குறைத்தால் துரு வெளுத்து, வானம் கருத்து, உலோகத்தின் குழிகள் எழும்பித் தெரியும்.

கேட்ட கதையை அன்றைக்கே எழுதிவிடுங்கள். தேதி, ஊர், யார் ஓட்டிய வண்டி, எப்போது நின்றது, ஏன். வெளியிடும்போது மாவட்டம் வரை சொன்னால் போதும். சரியான இடத்தைப் போட்டால் அடுத்த வாரமே யாராவது போய்க் கிரில்லையும் ஹப் கேப்பையும் கழற்றிக்கொண்டு போவார்கள். எண் பலகையை மறைக்க வேண்டுமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். அவருக்கு ஒரு பிரிண்ட் அனுப்புங்கள், அல்லது நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்படிப் போகும்போதெல்லாம் அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில், அதே உயரத்தில் இன்னொரு படம் எடுத்துவிடுங்கள். நிற்கும் இடத்தை மறக்காமல் இருக்க ஒரு கல்லையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளலாம். ஒரு கொட்டகை அம்பாசிடரை இப்படி ஏழு வருடம் எடுத்தேன். ஏழாவது முறை போனபோது வண்டி இல்லை. அச்சுக்கு முட்டுக்கொடுத்த நான்கு செங்கல் அடுக்குகளும், நடுவே புல் முளைக்காத ஒரு நீள்சதுரமும், அதில் எண்ணெய்க் கறையும் மட்டும் இருந்தன. முக்காலியை அதே இடத்தில் ஊன்றி, 50 லென்ஸை மாட்டி, எஃப் 8-இல் அதையும் எடுத்தேன்.